பிரேக் ரப்பருக்கு எந்த எண்ணெய்

அன்று பிற்பகல் பட்டறையில் கூடியிருந்தவர்கள் ஐந்து பேர். பட்டறைக்கு நடுவில் அதிகாரி ஹமாடாவின் கார், நான்கு சக்கரமும் கழற்றப்பட்டு, மரக்கட்டைகளின் மேல் நின்றது. அதன் இடது பக்கப் படியில் ஆயிஷா உட்கார்ந்திருந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டும் அவள் அதில் உட்காரவில்லை. தன் புருஷன் ஓட்டிய வண்டியைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அவளுக்கு மனசு ஒரு நிலையில் நிற்கும் போலிருந்தது. அவளுக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட பீப்பாயின் மேல் பிட்டர் மருதப்பன். இருந்த ஒரே நாற்காலியில் ஸ்டோர்க் கணக்கு எழுதும் கிராணி ஜேசுதாசன், சாவிக்கொத்தை மடியில் வைத்தபடி. வாசலோரத்தில் கோணிச்சாக்கை மடித்துப் போட்டு, சாமான் கழுவிக் கொடுக்கும் பூவம்மா. மண்டோர் செல்லக்கண்ணு மட்டும் எங்கும் உட்காரவில்லை. காரின் முன்பக்கம் சற்று நிற்பார், பின்பக்கம் சற்று நிற்பார். பட்டறைக்கே மேஸ்திரி, பெரிய கை அவர்தான். அந்தக் காரின் பிரேக்கை மாட்டியதும் அவர் கைதான்.

நடந்ததைச் சொல்லிவிடலாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம். சிங்கப்பூர் என்ற பெயர் போய் ஊர் ஷோனான் ஆகியிருந்தது. ரோச்சோர் கால்வாயை ஒட்டிய அந்தப் பட்டறை சண்டைக்கு முன்பு ஒரு பஸ் முதலாளியுடையது. இப்போது ஜப்பான் பட்டாளத்துச் சப்ளை அதிகாரி ஹமாடாவின் அதிகாரத்தில் இருந்தது. வேலை செய்தவர்கள் பழைய ஆட்களே. ஹமாடாவின் காரில் பிரேக் ரப்பர் தேய்ந்துபோனதால், ஆயுத பூசைக்கு மறுநாள் செல்லக்கண்ணு புது ரப்பர் மாட்டிக் கொடுத்தார். அதற்கடுத்த நாள் காலை டிரைவர் அப்துல் கஃபார் அதிகாரியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். செலிகி ரோட்டு முனையில் ஒருதரம் பிரேக்கை மிதித்தார். மிதித்தது மிதித்ததுதான், பிரேக் விடவில்லை. சக்கரம் புகைந்து, தீய்ந்த நாற்றம் கிளம்பி, வண்டி நடுரோட்டில் குத்துக்கல்லாக நின்றுவிட்டது. எதிரே வந்த காரில் ஹமாடாவுக்கும் மேலான அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் முன்னால் ஹமாடாவின் தலை இறங்கியது. அந்தக் கோபம் கஃபாரின் கன்னத்தில் இறங்கியது.

கஃபாரைப் பட்டறைக்குப் பின்னாலிருந்த காவல் கொட்டடியில் அடைத்துவிட்டு, ஹமாடா செல்லக்கண்ணுவைக் கூப்பிட்டு நிறுத்தினான். ஜேசுதாசன் மாலை வகுப்பில் கற்ற நிப்பொங்கோவை, அந்த ஜப்பான் பாஷையை, வைத்துக்கொண்டு அதைத் தமிழாக்கினார். நாளை மத்தியானத்துக்குள் கார் ஓட வேண்டும். ஏன் நின்றது என்று காரணமும் காட்ட வேண்டும். பொருளின் குற்றம் என்றால் காட்டு. மனிதன் வேண்டுமென்று செய்தது என்றால், டிரைவரைப் பெரிய கட்டடத்துக்கு அனுப்பிவிடுவேன்.

எந்தக் கட்டடம் என்று யாரும் கேட்கவில்லை. பட்டாளத்துப் போலீஸ் ஆட்களைக் கொண்டுபோய் விசாரிக்கும் அந்தக் கட்டடம் வந்தால் ஊர்க்காரர்கள் ரோட்டின் மறுபக்கத்துக்குப் போய்த்தான் நடப்பார்கள்.

"நான் அண்டைக்கே கேட்டனான் தானே, மண்டோர்?" என்று ஜேசுதாசன் ஆரம்பித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கோபம் வந்தாலும் குரல் உயராது, அதுதான் கேட்பவர்களுக்கு இன்னும் எரிச்சல். "தேங்காயெண்ணெய் தலைக்கு வைக்கிறது. இல்லாட்டில் பொரிக்கிறது. அதைப் போய்ப் பிரேக்குக்கு ஆர் பூசுறது?"

"நீங்க ஸ்டோர்ல வேற எண்ணெ வச்சிருந்து நாங்க வேணாம்னமா கிராணி?" என்று மருதப்பன் பாய்ந்தார். "பூட்டு மட்டும்தான் பெருசு. உள்ளாற பல்லி ஓடுது."

"பல்லிக்கும் கணக்கிருக்கு, மருதப்பன்."

கிராணி சொன்னதையேதான் செல்லக்கண்ணுவும் காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காரின் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பது அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. பெடலை மிதித்தால் குழாயிலுள்ள எண்ணெய் முன்னால் தள்ளும். சக்கரத்துக்குள் இருக்கும் சின்ன சிலிண்டரின் இரண்டு முனையிலும், கட்டைவிரல் நுனியளவு ரப்பர்க் கிண்ணம் ஒவ்வொன்று அந்த எண்ணெய் தள்ளத் தள்ள நகர்ந்து, பிரேக் கட்டையைச் சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் மேல் அழுத்தும். காலை எடுத்தால் அந்தக் கிண்ணம் வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கு வர வேண்டும். வழுக்காவிட்டால் பிரேக் விடாது. ஆக, எல்லாம் அந்த வழுக்கலில் இருக்கிறது. சண்டைக்கு முன்னால் பிரேக்குக்கென்று தகர டின்னில் எண்ணெய் வரும். கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொட்டுத் தடவுவார்கள். அது தீர்ந்து வெகுநாளாயிற்று. பழைய எண்ணெயையே துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றி, குறைந்ததற்கு ஈடாகத் தேங்காயெண்ணெய் சேர்த்து, அதையே ரப்பரிலும் தடவி மாட்டியிருந்தார் செல்லக்கண்ணு. மாட்டும்போது ரப்பர் இறுக்கமாக உள்ளே போனது. புது ரப்பர், இறுக்கமாக இருப்பது நல்லதுதானே என்று அப்போது மெச்சிக்கொண்டார்.

"தேங்காயெண்ணெதான் காரணம்னா," என்றார் இப்போது, "நானே போய்ச் சொல்லிடறேன். கஃபார் ஓட்டினவன். மாட்டினவன் நான்."

"சொல்லிட்டு?" என்று கேட்டாள் ஆயிஷா.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க போய்ச் சொன்னா அவுகளை விட்டுருவானா? ரெண்டு பேரையும் சேத்துல்ல கொண்டு போவான். அண்ணே, யாரு தப்புன்னு நீங்க அப்புறமா சண்டை போட்டுக்கங்க. எதுனால நின்னுச்சுன்னு காட்டச் சொல்றான்ல, அதக் காட்டுங்க. எண்ணெயா, ரப்பரா, காத்தா, கருப்பா. கண்ணால பாக்கிற மாதிரி காட்டுங்க."

பூவம்மா வாசலிலிருந்து, "புள்ள சொல்றது சரிதான்லா," என்றாள்.

செல்லக்கண்ணு கருவிப் பலகைக்குப் போய், ஜாலான் புசார் சப்பாத்துக்கார தவ்கே கொடுத்துவிட்டிருந்த ரப்பர்த் தகட்டின் மிச்சத்தை எடுத்து வந்தார். அந்தச் சீனர் செருப்புத் தைப்பவர். ரப்பரை அச்சில் வைத்துக் கிண்ணமாக்கும் வித்தையைச் சண்டைக்காலத்தில் தாமாகவே கண்டுபிடித்திருந்தார். பட்டறைக்கு வேண்டிய பிரேக் ரப்பரெல்லாம் அவர் கையில் வந்தவைதான்.

"நாம எதுக்கு ஆளுக்கொண்ணு பேசணும்? ரப்பரையே கேட்டுருவோம்," என்றார்.

ஒரே உளியால் ஒரே அளவில் தகட்டிலிருந்து வட்டங்கள் வெட்டினார். வெட்டிய ஒவ்வொன்றையும் வெற்று சிலிண்டருக்குள் விட்டுப் பார்த்தார். எல்லாம் லேசாக நழுவி மறுபக்கம் விழுந்தன. காலி பால் டின்களை வரிசையாக வைத்து, எண்ணெய்க்கு ஒரு டின்னாக, ஒவ்வொன்றிலும் ஒரு வட்டத்தைப் போடச் சொன்னார். பட்டறைக்குள் ஈரமாக, வழவழப்பாக என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள் என்பது கட்டளை. பூவம்மா தன் தலைக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயைக் கொடுத்தாள். ரேஷனில் கொடுத்த செம்பனை எண்ணெய் வந்தது. எஞ்சினிலிருந்து வடித்த கருப்பு எண்ணெய் வந்தது. மூலையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் இருந்தது, அதுவும் வந்தது. மருதப்பன் ஓடிப்போய், பஃபலோ ரோட்டு மாட்டுவண்டிக்காரர்களிடம் சண்டைக்கு முன் அரைத்து மிஞ்சியிருந்த வண்டி மையை ஒரு சிரட்டையில் வாங்கிக்கொண்டு வந்தார். அச்சாணியில் தடவும் கருப்புப் பசை அது.

"இது எதுக்குய்யா?" என்றார் கிராணி, மூக்கைச் சுளித்து.

"எங்கப்பா வண்டி ஆசாரி. வைக்கோலச் சுட்ட கரியும் வெளக்கெண்ணெயும் போட்டு அரைப்பாரு. முப்பது மைல் போனாலும் அச்சு கீச்சுன்னு சொல்லாது."

விளக்கெண்ணெய் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் செல்லக்கண்ணு நிமிர்ந்தார். ஏதோ ஒன்று அவர் மூக்குக்குள் புகுந்த மாதிரி இருந்தது. சண்டைக்கு முந்திய அந்தத் தகர டின்னைத் திறக்கும்போதெல்லாம் அடிக்கும் வாசம். குமட்டும், கூடவே சுருக்கென்றும் இருக்கும்.

"ஏம்ப்பா, பழைய பிரேக் எண்ணெ என்னமா நாறும்?"

மருதப்பன் கண்ணை மூடி யோசித்தார். "பேதிக்குக் குடிச்சவன் மேல சாராயத்தைக் கொட்டின மாதிரி."

"அதான். அது வெளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்தது. இத்தனை வருஷமா தொட்டும் மோந்தும் எனக்கு உறைக்கலையே!"

ஸ்பிரிட் பட்டறையிலேயே இருந்தது. பெட்ரோல் கிடைக்காததால் மரவள்ளிக்கிழங்கில் காய்ச்சிய ஸ்பிரிட்டில் லாரிகள் ஓடின. அதைக் கிராணி பூட்டி வைத்திருந்தது லாரிகளிடமிருந்து அல்ல, மருதப்பனிடமிருந்து. விளக்கெண்ணெய்தான் ஊரில் இல்லை. மருந்துக்கடையில் கேட்டால் சிரிப்பார்கள். செல்லக்கண்ணு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஜேசுதாசன் சாவிக்கொத்தைப் பார்த்தார்.

"கிராணியாரே?"

"என்னட்ட இல்லை," என்றார் ஜேசுதாசன். பிறகு, "என்ர மனுசியிட்ட இருக்கு," என்றார். "குணவதி பிள்ளையளுக்கு வயிறு கழுவ ஒரு போத்தல் ஒளிச்சு வைச்சிருக்கிறா. கண்ணில காட்டமாட்டா. சண்டை முடியுமட்டும் அதுதான் மருந்தெண்டு சொல்லுறா."

ஆயிஷா படியிலிருந்து எழுந்தாள். "அக்காகிட்ட நான் வந்து கேக்கிறேன், அண்ணே."

"நீங்கள் வரவேண்டாம், தங்கச்சி. நீங்கள் வந்தால் அவ அழுதுபோட்டுத் தருவா. நான் கேட்டால் ஏசிப்போட்டுத் தருவா. எனக்கு ஏச்சுப் பழக்கம்."

அப்படியே ஏச்சும் போத்தலும் வந்தன. இருட்டுவதற்குள் டின்கள் வரிசையாகத் தயாராயின. எது எது என்று மறந்துபோகாமல் இருக்கக் கிராணி ஒவ்வொன்றுக்கு அடியிலும் சாக்கட்டியால் பெயர் எழுதினார். மருதப்பன் ஸ்பிரிட் அளந்து ஊற்றியபோது கிராணி பக்கத்திலேயே நின்று, அவர் மூச்சு இழுக்கும் சத்தத்தைக் கூடக் கணக்கில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் ஐந்து பேரும் முந்தின நாள் இருந்த அதே இடங்களை விட்டுவிட்டு, டின்களைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். ஆயிஷாவின் கண் சிவந்திருந்தது. கொட்டடிச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அவள் கூப்பிட்டுப் பார்த்ததாகவும், உள்ளேயிருந்து ஒரு இருமல் வந்ததாகவும் சொன்னாள். இருமியது அவர்தான், அவர் இருமல் எனக்குத் தெரியாதா என்றாள்.

செல்லக்கண்ணு தேங்காயெண்ணெய் டின்னைத்தான் முதலில் எடுத்தார். வட்டத்தைத் துடைத்து சிலிண்டருக்குள் விட்டார். கொஞ்சம் பிடித்தது, விரலால் தள்ளியதும் போய்விட்டது. இன்னொரு முறை தள்ளினார். போனது.

"இது நிக்கலையேப்பா," என்றார், தன் விரலையே நம்பாதவர் போல. "கொஞ்சம் ஊறியிருக்கு. நாள்பட்டா கெடுக்கும். ஆனா ஒரே நாள்ல பிரேக்கை நிறுத்துற அளவுக்கு இல்ல."

செம்பனை எண்ணெயும் ஏறக்குறைய அப்படித்தான். கருப்பு எண்ணெயில் ஊறியது தடித்துப்போய் சிலிண்டர் வாயிலேயே நின்றுகொண்டது. விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்ததில் கிடந்தது வெட்டிப் போட்ட மாதிரியே இருந்தது. சிலிண்டரைச் சாய்த்ததும் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் விழுந்தது. வண்டி மையில் புதைத்திருந்ததும் கரியைத் துடைத்தால் அப்படியே.

"ரெண்டும் வெளக்கெண்ணெ, ஒரே வீட்டுப் புள்ளைங்கள்ல?" என்றார் மருதப்பன், தன் தகப்பனாரே பரீட்சையில் தேறிய மாதிரி.

கடைசியாக மண்ணெண்ணெய் டின். செல்லக்கண்ணு அதைக் கவிழ்த்தார். உள்ளங்கையில் விழுந்தது ரப்பர் வட்டம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இரவெல்லாம் ஊறிய உளுந்து மாதிரி உப்பி, ஒன்றுக்கு ஒன்றரையாகப் பெருத்து, தொட்டால் கொழகொழவென்று இருந்தது. சிலிண்டருக்குள் விடுவதாவது, வாயில் வைக்கவே இடமில்லை.

"அட, சனியனே!" என்றார் மருதப்பன்.

"மண்ணெண்ணெய் பட்டால் ரப்பர் இப்பிடியே வரும்?" என்று ஜேசுதாசன் குனிந்து பார்த்தார். "ஆனால் பிரேக்குக்கு ஆர் மண்ணெண்ணெய் வைச்சது? நீங்கள் வைக்கேல்லையே, மண்டோர்?"

"நான் எதுக்கு வைக்கிறேன்?"

பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பூவம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண் மட்டும் பெரிதாக அந்த உப்பிய வட்டத்தில் நிலைகுத்தியிருந்தது.

"மண்டோரே," என்றாள். "பூசைக்கு முத நாளு எல்லாச் சாமானையும் கழுவச் சொன்னீங்கள்ல?"

செல்லக்கண்ணு தலையாட்டினார்.

"ஸ்பேனரு, சுத்தி, உளி, எல்லாத்தையும் மண்ணெண்ணெயில ஊறப்போட்டேன். தட்டுல இந்தப் புது ரப்பரும் இருந்துச்சு. அதுவும் தொழில் சாமான்தானே, அதுக்கு மட்டும் என்ன பாவம்னு அதையும் சேத்துப் போட்டேன். ராத்திரி பூரா ஊறட்டும்னு விட்டுட்டேன். காலையில தொடைச்சு, சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு… நீங்க எல்லாரும் கும்பிட்டீங்களே!"

எல்லோருக்கும் அந்தத் தட்டு கண் முன்னால் வந்தது. சரசுவதி படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கருவிகள், நடுவில் சந்தனப் பொட்டோடு எட்டு ரப்பர்க் கிண்ணங்கள். கற்பூரம் காட்டியது செல்லக்கண்ணுதான். ரப்பர் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தபோது, தவ்கே தாராளமாகப் போட்டிருக்கிறார் என்று மருதப்பன் சொன்னார். அதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள்.

பூவம்மா அழ ஆரம்பித்தாள். "நான் பாவி. கஃபார் தம்பியைக் கொன்னுட்டேனே."

"ஏய், நிறுத்து," என்றார் செல்லக்கண்ணு. "ஒரு துரும்பைக்கூட விடாதே, எல்லாத்தையும் கழுவுன்னு சொன்னது யாரு? நான். ஒரு நாள் காத்துல காய்ஞ்சும் உப்பல் முழுசா வத்தாத ரப்பரைக் கையில எடுத்து, இறுக்கமா இருக்கு நல்லதுன்னு மாட்டினது யாரு? நான். நீ சொன்னதைச் செஞ்ச."

சொல்லும்போதே அவர் உடம்பு லேசாகிவிட்டதை அவர் உணர்ந்தார். முந்தின நாளிலிருந்து மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. காரணம் இப்போது உள்ளங்கையில் இருக்கிறது. கண்ணால் பார்க்கலாம், விரலால் அமுக்கலாம். இனிமேல் செய்ய வேண்டியது வேலை மட்டுந்தான். வேலை அவருக்குத் தெரியும்.

மருதப்பன் ஜாலான் புசாருக்கு ஓடிப் புதுக் கிண்ணங்கள் வாங்கி வந்தார். குழாயிலிருந்த பழைய எண்ணெயை முழுவதும் வடித்தார்கள். உள்ளே ஸ்பிரிட் விட்டுக் கழுவி, காற்று ஊதி உலர்த்தினார்கள். புது ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் அலசித் துடைத்து, விளக்கெண்ணெய் தொட்டு, விரலால் சுழற்றி உள்ளே விட்டார் செல்லக்கண்ணு. இந்த முறை அது தானாகவே வழுக்கிப் போனது. பிரேக் கட்டையின் இரும்பு விளிம்பு பின்னாலுள்ள இரும்புத் தகட்டில் உரசும் இடங்களில் மட்டும் வண்டி மையை ஈர்க்குச்சியால் லேசாக இழுத்தார்.

"இன்னுங் கொஞ்சம் வையுங்கண்ணே," என்றார் மருதப்பன்.

"வண்டி அச்சுக்கு வழிய வழிய வைக்கலாம். இங்க வழிஞ்சா டிரம்முல போய் ஒட்டும். அப்புறம் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. பிடிச்சு விடாததுக்கே இந்தப் பாடு. பிடிக்காமலே போனா ஹமாடா கால்வாய்க்குள்ள இருப்பான்."

"அதுவும் நல்லதுதான்," என்று மருதப்பன் முணுமுணுத்தார். கிராணி சட்டென்று வாசலைப் பார்த்தார்.

சக்கரங்களை மாட்டிக்கொண்டிருக்கும்போது ஜேசுதாசன் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "மண்டோர், ஒரு யோசினை. மண்ணெண்ணெய்க் கதையை விடுவம். ரப்பர் கூடாது எண்டு சொல்லுவம். பொருளின்ர குற்றம். அவன் கேட்டதும் அதுதானே?"

செல்லக்கண்ணு ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ரப்பர் கூடாதுன்னா, செஞ்சது யாருன்னு கேப்பான். சப்பாத்துக்கார தவ்கேயை இழுத்துட்டுப் போவான். நம்மளைக் கன்னத்துல அடிக்கிறானுங்க. சீன ஆளுங்களை என்ன செய்றானுங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

லாரியில் ஏற்றிப்போன சீனர்கள் திரும்பி வரவில்லை என்பது ஜேசுதாசனுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். "அப்ப ஆயுத பூசையை நிப்பொங்கோவில சொல்லவேணும்," என்றார் கவலையோடு. "நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன். எனக்குத் தமிழிலயே அது சரியாத் தெரியாது."

மத்தியானத்துக்கு முன்னாலேயே ஹமாடா வந்துவிட்டான். எதுவும் கேட்கவில்லை. செல்லக்கண்ணுவை ஓட்டச் சொல்லித் தான் பின்னால் ஏறிக்கொண்டான்; கிராணி முன்னால். மவுண்ட் எமிலி மேட்டில் ஏறி, இறக்கத்தில் விட்டு, "தொமாரே!" என்றான். செல்லக்கண்ணு மிதித்தார். கார் நின்றது. காலை எடுத்தார். கார் தானாகவே உருண்டது. மறுபடி நிறுத்தச் சொன்னான், மறுபடி விடச் சொன்னான். சரிவு முழுவதும் இப்படியே, நொண்டியடிக்கும் பிள்ளை மாதிரி, இறங்கி வந்தார்கள். கீழே வந்ததும் செல்லக்கண்ணு இறங்கி நான்கு டிரம்மையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். எதிலும் சூடு இல்லை. அப்போதுதான் தன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

பட்டறையில், கருவிப் பலகை மேல், நல்ல வட்டத்தையும் உப்பிய வட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஜேசுதாசன் பேசினார். அவர் என்ன பேசினார் என்பது மற்றவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் நடுவில் கையைக் கூப்பிக் காட்டினார், ஸ்பேனருக்குப் பொட்டு வைப்பது போல் காட்டினார், கற்பூரம் சுற்றுவது போல் காட்டினார். நெற்றியில் வியர்வை வழிந்தது. ஒரு வேதக்காரர் சரசுவதிக்காக இவ்வளவு பாடுபட்டதை மருதப்பன் பிற்காலத்தில் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். அன்று அவர் சிரிக்கவில்லை.

ஹமாடா உப்பிய வட்டத்தை எடுத்து அமுக்கிப் பார்த்தான். சுவரிலிருந்த படத்தைப் பார்த்தான். பூவம்மாவைப் பார்த்தான், அவள் செல்லக்கண்ணுவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். பிறகு ஏதோ சொன்னான். நீளமாகத்தான் சொன்னான்.

ஜேசுதாசன் உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்னய்யா சொல்றான்?" என்று செல்லக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"தகப்பன் மீன்பிடிக்கிறவராம். அங்கையும் வருசப்பிறப்புக்குப் படகுக்கு அரிசிப் பலகாரம் வைச்சுக் கும்பிடுவினமாம்." என்றார் கிராணி. "ஆனால் படகை ஒருத்தரும் மண்ணெண்ணெயில ஊறப்போடுறேல்லையாம்."

ஹமாடா சிரிக்கவில்லை. உப்பிய வட்டத்தைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், மேலதிகாரியிடம் காட்டவாக இருக்கும். காவலாளிக்கு ஒரு வார்த்தை சொன்னான். கொட்டடிக் கதவின் தாழ் திறந்தது.

கஃபார் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார். இடது கன்னம் வீங்கி, உதடு வெடித்திருந்தது; நடை நேராக இருந்தது. ஆயிஷா ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, அவர் பக்கத்தில் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததை அப்புறம் வெகுநேரம் விடவில்லை.

விஷயத்தைச் சொன்னார்கள். கஃபார் ஒரு பக்க வாயால் சிரித்தார்.

"ஏன் மண்டோரே, சாமி கும்பிட்டது நீங்க, பொட்டு வச்சது பூவம்மாக்கா. அடி வாங்க மட்டும் ஒரு துலுக்கன் வேணுமா ஒங்களுக்கு?"

"நீயும்தானேப்பா பூசையில அவல் வாங்கித் தின்ன?" என்றார் மருதப்பன்.

"ஒரு பிடி அவலுக்கு ரெண்டு நாளு உதையா! அடுத்த வருசம் நான் அவலே திங்கமாட்டேன், போங்க."

பூவம்மா அழுதுகொண்டே சிரித்தாள். ஜேசுதாசன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, சாவிக்கொத்து எங்கே விழுந்தது என்று கூடப் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிரித்துக்கொண்டிருந்த செல்லக்கண்ணு திடீரென்று நிறுத்தினார். "கிராணியாரே, தவ்கே செஞ்ச ரப்பர்ல பாதியைப் பாலம் தாண்டி ஜொகூர்ப் பட்டறைக்கு அனுப்பினோமே?"

"ஓம். போன கிழமை."

"அங்கயும் நம்ம ஆளுங்கதான். அங்கயும் பூசை நடந்திருக்கும். அங்கயும் ஒருத்தர் எல்லாத்தையும் கழுவுன்னு சொல்லியிருப்பாரு."

சிரிப்பு அடங்கியது. அங்கும் ஒரு டிரைவர் இருப்பார், அவருக்கும் ஒரு கன்னம் இருக்கும். அன்று பிற்பகல் ஹமாடாவின் சாமான்களை ஏற்றிக்கொண்டு கஃபார் ஜொகூருக்குப் போகவேண்டியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. செல்லக்கண்ணு சொல்லச் சொல்ல, ஜேசுதாசன் தன் குண்டு எழுத்தில் எழுதினார்:

"ஜொகூர்ப் பட்டறை மண்டோர் அவர்களுக்கு. நலம். இதைக் கண்டதும் செய்ய வேண்டியது. நாங்கள் அனுப்பிய பிரேக் ரப்பரைப் பூசைக்காக மண்ணெண்ணெயில் கழுவியிருந்தால், தயவு செய்து எந்த வண்டியிலும் மாட்ட வேண்டாம். மாட்டியிருந்தால் வண்டியை வெளியே விட வேண்டாம். ரப்பரில் மண்ணெண்ணெய், பெட்ரோல், எஞ்சின் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது. தேங்காயெண்ணெயும் செம்பனை எண்ணெயும் நாள்பட்டால் கெடுக்கும். ரப்பருக்கு விளக்கெண்ணெய் ஒன்றே ஆகும். குழாயில் ஊற்ற அதையே ஸ்பிரிட்டில் கலக்கவும். இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் வண்டி மை மிகச் சொற்பமாக. பிரேக் கட்டையின் லைனிங்கிலும் டிரம்மிலும் ஒன்றும் தடவக்கூடாது. சந்தேகமிருந்தால் ஒரு துண்டு ரப்பரை ராத்திரி ஊறப்போட்டுப் பார்க்கவும்."

"வெளக்கெண்ணெக்கு அவங்க எங்க போவாங்க?" என்றார் மருதப்பன்.

ஜேசுதாசன் பேனாவை நிறுத்தினார். போத்தலில் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, தக்கையை இறுக்கிக் கஃபாரிடம் கொடுத்தார். "வீட்டில நான் வேற கதை சொல்லிக்கொள்ளுறன்," என்றார்.

ஹமாடாவிடம் காட்டி உத்தரவு வாங்கினார்கள். பூவம்மா மரவள்ளி மாவில் காய்ச்சிய பசையைக் கொண்டுவந்தாள். கிராணி கடிதத்தை நான்காக மடித்து உறையில் போட்டு, பசை தடவி, நுனியிலிருந்து நுனிவரை கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். ஒட்டிய இடத்தின் மேல் ஹமாடாவின் சிவப்பு முத்திரை விழுந்தது.

"இப்பத்தான் வந்தீங்க. அதுக்குள்ள கிளம்பணுமா?" என்றாள் ஆயிஷா.

"போகாட்டி அங்க ஒருத்தன் எனக்குப் பதிலா இருமிக்கிட்டு இருப்பான்," என்றார் கஃபார். "நீ சோத்தை ஆக்கி வை, வந்துடறேன்."

உறையைச் சட்டைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு அவர் வண்டியை எடுத்தார். கார் கால்வாயோரமாகப் போய், புக்கிட் தீமா ரோட்டில் ஜொகூர்ப் பக்கம் திரும்பியது.